மின்தூண்டல் தலைக்கவசம்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின்

உச்சந்தலையில் வழுக்கை விழத் தொடங்கியதும் முடி உதிர்வைக் குறைக்கும் மருந்தான 5 சதவீத மினாக்சிடில் தடவிவந்த நான், அதனுடன் சேர்த்து, முடி வளர்வதற்கென்று தலைத்தோலில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் மின்தூண்டல் தலைக்கவசம் ஒன்றை வாங்கி, 14 மாதங்கள் தினமும் அரை மணி நேரம் அணிந்தேன்.

கருவியின் உட்புறத்தில் சீப்பின் பற்களைப் போன்ற உலோக முனைகள் இருக்கின்றன. அவை முடியை விலக்கித் தோலைத் தொட்டால்தான் மின்னோட்டம் பாயும். தோல் வறண்டிருந்தால் ஊசி குத்துவதுபோல் சுருக்கென்று தைக்கும். உப்புநீரில் நனைத்த பஞ்சால் ஒற்றிவிட்டு அணிந்தால் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு மட்டுமே. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் தலைக்கு எண்ணெய் வைப்பதையே விட வேண்டியதாயிற்று. "எண்ணெய் காணாத தலையில முடி எப்படிடா நிக்கும்?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

விற்பனையாளரின் விளம்பரம் பெரிதும் நம்பியிருப்பது, அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வை. உடல் அசைவிலிருந்தே மின்துடிப்பை உண்டாக்கும், பேட்டரி தேவைப்படாத அந்தக் கருவி சோதிக்கப்பட்டது எலிகள்மீது. விளம்பரத்தில் எலி இல்லை. மனிதர்களிடம் 36 வாரங்கள் நடத்தப்பட்டு 1990இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில் முடி எண்ணிக்கை கூடியது உண்மைதான். ஆனால் அதில் பயன்பட்டது தலையைத் தொடாத நிலைமின் புலம், என் கருவியோ தோலில் மின்சாரத்தைச் செலுத்துவது. மேலும், ஆண்வழுக்கைக்கு அடிப்படையான டிஎச்டி ஹார்மோனைக் குறைப்பது ஃபினாஸ்டரைடு போன்ற மாத்திரைதான். இக்கருவி அதைக் குறைப்பதாக விளம்பரம்கூடச் சொல்லவில்லை.

முதல் எட்டு மாதங்களில் உதிர்வு மட்டுப்பட்டே இருந்தது. மாதத்தின் முதல் தேதியில், ஈரமில்லாத தலையுடன், அதே குழல்விளக்கின் கீழ் எடுத்த படங்களில் வழுக்கை பரவவில்லை, புதிதாக எதுவும் முளைக்கவுமில்லை. அந்தப் பெருமை மருந்துக்கா மின்சாரத்துக்கா என்று பிரித்தறிய ஒன்பதாம் மாதம் மினாக்சிடிலை நிறுத்தினேன். மருத்துவரைக் கேளாமல் செய்த அவசரம் அது. மூன்றே மாதத்தில் குளியலறை வடிகால் சல்லடையை முடி சுருண்டு அடைத்தது. சலூன்காரர் பின்மண்டைக்குக் கண்ணாடி பிடித்துக் காட்டியபோது, வட்டம் அகன்றிருப்பதை அவர் சொல்லாமலே கண்டுகொண்டேன். மருந்தை மீண்டும் தொடங்கிவிட்டேன்.

இதற்குள் உப்புநீர் பட்டுப்பட்டு இரண்டு முனைகள் பச்சை பூத்துவிட்டன. மாற்று முனைகள் தனியாகக் கிடைக்காது, முழுக் கருவியையே வாங்க வேண்டும் என்கிறார்கள், வாங்கப்போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் எண்ணெய்க் கிண்ணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.