உப்புவெளியில் ‘மலைநாட்டு வைன்’ குடிக்கப் போகிறவர்களுக்கு

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் “மலைநாட்டுச் சிறு தோட்டத்துச் சிவப்பு வைன், சுவைத்துப் பாருங்கள்” என்று பலகை கண்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போங்கள். எனக்கும் அத்தானுக்கும் அங்கே 16,500 ரூபா போனது.

சுவைத்துப் பார்க்கத் தலைக்கு 3,500. மூன்று சின்னக் கிளாஸ், நாலு துண்டு சீஸ், ஒரு பிடி கச்சான் கடலை. நடத்துகிறவர் நல்ல வாய்க்காரர். நுவரெலியாவுக்கு மேலே ஒரு குடும்பம் தாங்களே திராட்சை வளர்த்து, மரப் பீப்பாவில் ஊறவைத்து எடுத்ததாம். வெளியே கச்சான் காற்று அனலாக வீச, கேட்கக் கேட்க எனக்குக் குளிர்ந்தது. வாயில் வைக்க முன்னமே 9,500 கொடுத்து ஒரு போத்தலும் வாங்கிவிட்டேன். அது என் மடைத்தனம்.

அத்தானுக்குப் பாரிசில் உணவகத்தில் வேலை. வைன் ஐஸ்போல வந்ததுமே முகம் மாறிவிட்டது. சிவப்பு வைனை 16, 18 பாகையில்தான் கொடுப்பார்களாம். கடுங்குளிரில் வாசம் அமுங்கி, குறையும் மறைந்துவிடும். “பொறு தம்பி, குளிர் போகட்டும்” என்று வைத்தார். பத்து நிமிடம் கழித்து முகர்ந்தால் நகப்பூச்சு அழிக்கிற மணம், அதன் பின்னால் வினாகிரி. வெள்ளை டிசுவின்மேல் கிளாஸைச் சரித்துக் காட்டினார்: ஓரமெல்லாம் பிளேன்டீ நிறம். குடித்தால் சீனிப்பாணி. திராட்சைத் தோலும் விதையும் தருகிற துவர்ப்பு, நாக்கைப் பிடிக்க வேண்டியது, மருந்துக்கும் இல்லை. “காத்துப் பட்டுப் புளிச்ச சாமான். சீனி போட்டு மறைச்சிருக்கிறாங்கள்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவின் ஊர் உரும்பிராய். மாமா வீட்டில் திராட்சைப் பந்தல் இருந்தது. நாலு நாள் விடாமல் மழை பெய்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று மாமா தவித்துப்போவார். இந்த நாட்டில் திராட்சைக்குப் பேர்போனது வறண்ட யாழ்ப்பாணம். நுவரெலியாவின் மழையிலும் பனிமூட்டத்திலும் பீப்பா நிரம்பவா காய்க்கும்? உள்ளூர் வைன் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமத்துத் திராட்சை வைனை ஊரே அறியும், அது தன் பேரைப் போட்டே விற்கிறது.

இந்தப் போத்தலில் மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கர் இல்லை. வடித்தவர் பெயரும் இல்லை, அற்ககோல் எத்தனை வீதம் என்றும் இல்லை. ஐஸ் வாளியில் நனைந்த லேபல் விரலோடு கழன்று வந்தது. அடியில் வேறொரு லேபலின் பசைத்தடம். காட்டினேன். “கையால செய்யிற வைன் அப்படித்தான் சேர்” என்றார். பில் கேட்டால் புத்தகம் முடிந்துவிட்டதாம். காசு திரும்பவில்லை.

போகத்தான் வேண்டுமென்றால் மூடிய போத்தலை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஸ்டிக்கரைப் பாருங்கள். குளிர் தணியும்வரை காசை எடுக்காதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை அதே பலகையை நிலாவெளிப் பக்கம் கண்டேன். இப்போது தலைக்கு 4,000.