லோ பிரஷருக்குப் பொடி வாங்கினேன்: அளவு ஏறியது, தலைசுற்றல் போகவில்லை

லோ பிரஷருக்கு "இயற்கை முறையில் நிரந்தரத் தீர்வு" என்று வாட்ஸ்அப்பில் பொடி விற்கிறார்களே, அதை வாங்கி ஏழு வாரம் சாப்பிட்டவன் நான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எனக்கு இருந்த தொந்தரவு ஒன்றுதான். படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது இன்னும் மோசம். ஒருமுறை கதவு நிலையில் நெற்றி இடித்துப் புடைத்துவிட்டது. வீட்டுக் கருவியில் பார்த்தால் 88/58. பொதுவாக 90/60-க்குக் கீழே போனால் லோ பிரஷர் என்பார்கள். ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லாமல் அந்த அளவோடு காலம் முழுக்க நன்றாக இருப்பவர்களும் உண்டு, அவர்களுக்கு அது நோயே இல்லை. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று பயந்துபோய்ப் போனில் தேடினேன். தேடியதுதான் தாமதம், வீடியோவாக வந்து கொட்டியது.

அதில் ஒன்றில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். 'ஆலோசகர்' பத்து நிமிடம் பேசினார். வயது, எடை, தூக்கம், மலச்சிக்கல், கோபம் வருமா, எல்லாம் கேட்டார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. புராஸ்டேட் வீக்கத்துக்காக நாலு மாதமாக இரவில் டாம்சுலோசின் போட்டுக்கொண்டிருந்தேன். சிறுநீர் மாத்திரைக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? பிரஷருக்கு மருந்து விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பொடி இரண்டு வேளை, உப்புத் தண்ணீர் மூன்று வேளை, காலையில் பெரிய டம்ளர் நிறைய பீட்ரூட் சாறு. இதுதான் அவர் கொடுத்த திட்டம். இந்த பீட்ரூட் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் லோ பிரஷர் என்று தேடினால் முதலில் வருவதே அதுதான். பீட்ரூட்டில் நைட்ரேட் அதிகம். உடம்புக்குள் அது நைட்ரிக் ஆக்சைடாக மாறி ரத்தக்குழாயைத் தளர்த்தும். அதாவது பிரஷரைக் குறைக்கும். பிரஷர் குறைகிறதா என்று ஹை பிரஷர்காரர்களுக்கே அந்தச் சாற்றைக் கொடுத்து ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். சிவப்பாக இருக்கிறது, ரத்தம் ஊறும், ரத்தம் ஊறினால் பிரஷர் ஏறும் என்று யாரோ கிளப்பிவிட்ட கணக்கு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது வாரத்தில் அளவு ஏறத் தொடங்கியது. 104, 112, 126. தினமும் கருவியைப் படம் எடுத்து அவர்களுடைய குழுவில் போட வேண்டும். போட்டால் உடனே கைதட்டும் பொம்மைகள், "சூப்பர் சார், ரிசல்ட் வந்துடுச்சு பாருங்க" என்று பாராட்டு. உண்மையில் எழும்போது வரும் கிறுகிறுப்பு அப்படியே இருந்தது. ஆனால் கருவி நல்ல எண்ணைக் காட்டும்போது அதைப் பற்றிப் பேச எனக்கே கூச்சமாக இருந்தது.

நாலாவது வாரம் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றிப் பள்ளம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மேலே வர நேரமாகும். கேட்டேன். "கழிவு வெளியேறுது சார், நல்ல அறிகுறி, பயப்படாதீங்க" என்றார்கள். குழுவில் இன்னொருவரும் கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தார். அவருக்கும் அதே பதில்தான், எழுத்து மாறாமல். ஆறாவது வாரம் மாடிப்படி ஏறினால் தொடை துவண்டது, ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. இதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடிப்பதுபோல் இருந்த அன்றுதான் மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் செய்த முதல் வேலையை என்னால் மறக்க முடியாது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார், 164/96. எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் பார்த்தார், 128/80. மூன்று நிமிடத்தில் மறுபடியும். கண் இருட்டியது, கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். "இத்தனை நாளா உட்கார்ந்தே பார்த்திருக்கீங்க" என்றார். நின்றால் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலே கவனிக்க வேண்டுமாம். எனக்கு 36 இறங்கியிருந்தது.

மலம் கறுப்பாகவோ சிவப்பாகவோ போகிறதா என்றும் கேட்டார். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் பிரஷர் இறங்கும் என்பதால் கேட்கிறார். தினமும் பீட்ரூட் குடிப்பவன் என்ன பதில் சொல்வது? எல்லாமே சிவப்புதான். அதற்கும் தனியாகப் பரிசோதனை செய்தார்கள், நல்லவேளை ஒன்றுமில்லை.

ரத்தத்தில் பொட்டாசியம் 2.6. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவியை மாட்டி, நரம்பு வழியாகப் பொட்டாசியம் ஏற்றினார்கள். பொடி டப்பாவை எடுத்துவரச் சொன்னார் டாக்டர். எறும்பு எழுத்தில் எட்டுச் சரக்குகள், மூன்றாவது அதிமதுரம். அளவு போடவில்லை. அதிமதுரத்தில் உள்ள கிளிசரைசின், சிறுநீரகத்தை ஏமாற்றி உப்பையும் நீரையும் பிடித்துவைக்கச் செய்யும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். தொண்டைக்கு எப்போதாவது ஒரு துண்டு சுவைப்பது வேறு, மாதக்கணக்கில் வேளைக்கு ஒரு கரண்டி விழுங்குவது வேறு. நான் உப்புத் தண்ணீரும் சேர்த்துக் குடித்திருக்கிறேன். கால் வீங்காமல் என்ன செய்யும்?

தலைசுற்றலுக்குக் காரணம் ஆரம்பத்திலிருந்தே அந்தச் சிறுநீர் மாத்திரைதான். எழும்போது ரத்தக்குழாய்கள் இறுக வேண்டும். அந்த வகை மாத்திரை சிலருக்கு அதைத் தடுத்துவிடும். சிறுநீரக மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். மூன்று வாரத்தில் கிறுகிறுப்பு நின்றுவிட்டது. (இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் போய்ச் சொல்லுங்கள்.)

இயற்கை வைத்தியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டாக்டரே சொன்னவை எல்லாம் காசில்லாத வைத்தியம்தான். எழுவதற்கு முன் படுத்தபடியே பாதத்தை ஆட்டி, கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, அப்புறம் எழுவது. காலையில் எழுமுன் அரை லிட்டர் தண்ணீர் மளமளவென்று குடிப்பது. ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடுவது, மதுவைத் தொடாமல் இருப்பது. நிற்கும்போது சுற்றினால் காலைக் குறுக்கே பின்னி இறுக்கிக்கொள்வது. உப்பைக் கூட்டச் சொல்வது சிலருக்கு மட்டும்தானாம், அதுவும் இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு. எனக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் ஒரே ஒரு கேள்வி போட்டேன். தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்குக் கிளிசரைசின் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பிய அறிவியல் குழு சொல்லியிருக்கிறது, உங்கள் பொடியில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு? "பார்முலா ரகசியம் சார்" என்று பதில் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கோர்ஸை முடிக்காமல் நிறுத்தியது உங்கள் தவறு என்றார்கள். அடுத்த நிமிடம் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கால் வீங்குகிறது என்று அந்தக் குழுவில் எழுதிய நண்பரே, உங்கள் எண்ணை நான் குறித்துவைக்கவில்லை. இது கண்ணில் பட்டால் பொடியை இன்றே நிறுத்திவிட்டு, டப்பாவோடு டாக்டரிடம் போய்ப் பொட்டாசியம் பாருங்கள். அது கழிவு இல்லை.