பாட்டுப் பொட்டி வாங்கியாச்சு, சத்தம் அருமை, ஆனா இசையமைப்பாளர் சந்திரபோஸ் பேருல பட்டன் எங்க?

முதல்லயே மார்க் போட்டுடறேன். சத்தத்துக்கு அஞ்சுக்கு நாலு. பாட்டை அடுக்கி வெச்சிருக்கற விதத்துக்கு அஞ்சுக்கு ரெண்டு, அதுவும் மனசில்லாம போட்டது. பழைய சினிமா பாட்டெல்லாம் உள்ளயே ஏத்தி, ரேடியோ மாதிரி டிசைன்ல, பட்டன் அமுக்கினா பாடற ஸ்பீக்கர் இப்ப நெறைய வருதுல்ல, அதுல ஒண்ணு அப்பாவுக்காக வாங்கினோம். கம்பெனி பேரு வேணாம், நான் சொல்ல வர்றது கம்பெனியப் பத்தி இல்ல, யாரு பேருல பாட்டு பட்டன் குடுத்திருக்காங்க யாரு பேருல குடுக்கலங்கறதப் பத்தி.

சத்தத்த சொல்லி முடிச்சிடறேன். டிஎம்எஸ் குரல் ஹால் முழுக்க நெறைஞ்சு வருது, பி.சுசீலா மேல போகும்போது கிழியல, ஃபோன்ல கேட்டா காணாமப் போற தபேலாவும் பேஸும் இதுல தனியா காதுல விழுது. காலைல சார்ஜ் போட்டா ராத்திரி வரைக்கும் தாராளமா ஓடுது. எஃப்எம் ஜன்னலோரம் வெச்சாதான் எடுக்குது, அது பரவால்ல. கூட ஒரு புஸ்தகம் குடுக்கறாங்க, அதுல தமிழ் பாட்டு லிஸ்ட் முழுக்க இங்கிலீஷ் எழுத்துல பொடிப்பொடியா இருக்கு, கண்ணாடி போட்டும் அப்பாவால படிக்க முடியல, தமிழ் பாட்டு கேக்கறவங்களுக்கு தமிழ்ல அச்சடிச்சுக் குடுக்கறதுக்கு என்ன கஷ்டம்னு இன்னும் எனக்குப் புரியல.

இப்ப பட்டனுக்கு வர்றேன். இசையமைப்பாளர்ல எம்எஸ்வி, இளையராஜா. பாடகர்ல டிஎம்எஸ், சுசீலா, எஸ்பிபி, ஜானகி, யேசுதாஸ். அப்புறம் எம்ஜிஆர் ஹிட்ஸ், சிவாஜி ஹிட்ஸ், ஜெமினி ஹிட்ஸ், ரஜினி, கமல், மோகன் ஹிட்ஸ். எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை இது ஓட ஆரம்பிச்சா சண்டையும் கூடவே ஆரம்பிச்சிடும், பெரியப்பா பையன் "என்ன சித்தப்பா, எதுக்கெடுத்தாலும் ராஜா ராஜான்னா எப்படி, அவரு ஓவர்ரேட்டட்"னு பத்த வெப்பான், அப்பா "டேய், அவரு வாங்கின பேரு பத்தலைன்னு நானே சொல்லிட்டிருக்கேன், நீ வேற"ன்னு எந்திரிச்சிடுவாரு. நான் இதுல அப்பா பக்கம்தான், ராஜாவை ஓவர்ரேட்டட்னு சொல்றது ஒத்துக்கவே முடியாத பேச்சு. ஆனா ஒண்ணு, ராஜா போடாத பாட்டெல்லாம் ராஜா கணக்குல ஏறிக்கிட்டே இருக்கு, அதுல மத்தவங்க பேரு மொத்தமா அழிஞ்சு போகுது, அது எனக்கு நெஜமாவே வருத்தம்.

சந்திரபோஸையே எடுத்துக்கங்க. 1987 தீபாவளிக்கு ஒரே நாள்ல ரெண்டு படம், கமலோட நாயகனுக்கு இசை ராஜா, அது அவருக்கு நானூறாவது படம், அந்தப் பக்கம் ரஜினியோட மனிதன், அதுக்கு இசை சந்திரபோஸ். ராஜா உச்சத்துல இருக்கற நேரத்துல எதிர்ல நின்னு ஹிட் குடுத்த மனுஷன் அவரு. ஏவிஎம்முக்கு சங்கர் குரு, மனிதன், ராஜா சின்ன ரோஜா, மாநகர காவல்னு வரிசையா போட்டிருக்காரு. ராஜா, வைரமுத்து பிரிஞ்சதுக்கு அப்புறம் வைரமுத்துவோட நல்ல வரிகள் கொஞ்சம் வந்து சேந்த இடம் சந்திரபோஸ்தான், வசந்தியில "ரவிவர்மன் எழுதாத கலையோ" கேளுங்க, யேசுதாஸும் சித்ராவும் பாடறது, நூத்துல தொண்ணூறு பேரு ராஜா பாட்டுன்னு சத்தியம் பண்ணுவாங்க. அண்ணாநகர் முதல் தெருவுல "மெதுவா மெதுவா ஒரு காதல் பாட்டு" அதே கதை. ஒரு தொட்டில் சபதத்துல "பூஞ்சிட்டு குருவிகளா" அதே கதை. 2010ல அவரு செத்துப்போனப்ப கூட பல பேருக்கு இவருதான் அந்தப் பாட்டெல்லாம் போட்டவருன்னு தெரியாது. பொட்டியில இவரு பாட்டு இல்லாம இல்ல, இருக்கு, எஸ்பிபிலயும் ரஜினிலயும் யேசுதாஸ்லயும் சிதறிக் கெடக்கு, இவரு பேரைச் சொல்லித் தேடறதுக்குத்தான் வழி இல்ல.

ஷ்யாம்னு ஒரு இசையமைப்பாளர், மலையாளத்துல பெரிய ஆளு. 1978ல மனிதரில் இத்தனை நிறங்களா படத்துக்கு "மழை தருமோ என் மேகம்"னு ஒரு பாட்டு போட்டாரு, எஸ்பிபியும் ஷைலஜாவும் பாடினது. இதையும் ராஜான்னுதான் சொல்றாங்க. ஊமை விழிகள் படத்துக்கு இசை மனோஜ் கியான்ங்கற ரெட்டையர், அதுல வர்ற "தோல்வி நிலையென நினைத்தால்" பாட்டுல பாடறது பி.பி.ஸ்ரீனிவாஸ், அறுபதுகள்ல ஜெமினிக்கு மென்மையா பாடின அதே குரல் 1986ல அப்படி ஒரு எழுச்சிப் பாட்டைத் தூக்கி நிறுத்துது, அதைக் கூட யாரும் கவனிக்கறதில்ல.

எம்எஸ்வி பட்டன்ல வேற பிரச்சனை. பாசமலர், பாவமன்னிப்பு, கர்ணன், காதலிக்க நேரமில்லை எல்லாம் அதுக்குள்ள வருது. இதெல்லாம் விஸ்வநாதன் ராமமூர்த்தி ரெண்டு பேரும் சேந்து போட்டது, 1952ல பணம் படத்துல சேந்தாங்க, 1965ல ஆயிரத்தில் ஒருவனோட பிரிஞ்சாங்க, நடுவுல இருக்கற அந்த பதிமூணு வருஷம்தான் நாம இன்னிக்கும் பொற்காலம்னு சொல்லிக்கற காலம். ராமமூர்த்தி பெரிய வயலின் வித்வான், அந்தப் பாட்டுகள்ல வயலின் வர்ற எடமெல்லாம் கேட்டா அவரு கை தெரியும். பட்டன் மேல ஒரே ஒருத்தர் பேருதான் இருக்கு. எம்எஸ்வியை நான் கும்பிடறவன், ஆனா இது நியாயம் இல்ல.

அந்தக் காலம் முடியற நேரத்துல வந்த இசையமைப்பாளர் வி.குமார். பாலசந்தர் படம்னா எல்லாரும் எம்எஸ்வின்னு நெனச்சுக்கறாங்க, ஆனா நீர்க்குமிழி, மேஜர் சந்திரகாந்த், எதிர்நீச்சல், இருகோடுகள், வெள்ளி விழா, அரங்கேற்றம் எல்லாத்துக்கும் குமார்தான். "ஒருநாள் யாரோ என்ன பாடல் சொல்லித் தந்தாரோ" அவரோடது. 1972ல வெள்ளி விழாவுல வந்த "காதோடுதான் நான் பாடுவேன்" அவரோடது. இந்தப் பாட்டுல ரெண்டு பேருக்கு அநியாயம் நடந்திருக்கு பாருங்க, ஒண்ணு குமார், இன்னொண்ணு எல்.ஆர்.ஈஸ்வரி. ஈஸ்வரின்னா கிளப் டான்ஸ், இல்லன்னா ஆடி மாசம் அம்மன் பாட்டுன்னு ஒதுக்கி வெச்சிட்டாங்க, அந்தம்மா இதுல குரலை அடக்கி, கிட்டத்தட்ட மூச்சுலயே பாடியிருப்பாங்க, அப்படி அடக்கிப் பாடும்போது சுருதி ஒரு இடத்துலயும் நழுவாம நிக்கறது சாதாரண வேலை இல்ல. பொட்டியில இது எங்க வருதுன்னா, ஜெமினி ஹிட்ஸ்ல.

எனக்கு ரொம்ப கோவம் வர்ற எடம் இதுதான். நம்ம ஊர் பாட்டு உலகத்துல யாரு ஓவர்ரேட்டட்னு கேட்டா நான் எந்தப் பாடகரையும் எந்த இசையமைப்பாளரையும் சொல்லமாட்டேன், வாயசைச்ச நடிகர்களத்தான் சொல்வேன். நடிகரா அவங்க மேல எனக்கு எந்தக் குறையும் இல்ல, பாட்டுக்கு அவங்க பேரை வைக்கறதத்தான் சொல்றேன். மோகன் ஹிட்ஸ்னு ஒரு பட்டன், அமுக்கினா "இளைய நிலா பொழிகிறது". பாடினது எஸ்பிபி, எழுதினது வைரமுத்து, மெட்டு ராஜா, அந்த ஆரம்ப கிட்டார் வாசிச்சது ஆர்.சந்திரசேகர். மோகனுக்கு நெறைய படத்துல பேசற குரல் கூட எஸ்.என்.சுரேந்தரோடது. இத்தனை பேரு உழைச்ச பாட்டுக்கு மைக் புடிச்சு நின்னவரு பேரு, கிட்டார் வாசிச்சவரு பேரு புஸ்தகத்துல ஒரு மூலைல கூட இல்ல.

ஸ்வர்ணலதாவுக்கு பட்டன் இல்லைங்கறத நான் மன்னிக்கவே மாட்டேன். 1987ல நீதிக்குத் தண்டனையில எம்எஸ்வி இசையில யேசுதாஸோட "சின்னஞ்சிறு கிளியே" பாடி வந்த பொண்ணு, ராஜாகிட்ட "மாலையில் யாரோ மனதோடு பேச", ரஹ்மான்கிட்ட கருத்தம்மாவுல "போறாளே பொன்னுத்தாயி" பாடி தேசிய விருது, அதே 1994ல "முக்காலா"வும் அவங்கதான், 2000ல "எவனோ ஒருவன் வாசிக்கிறான்". மூணு தலைமுறை இசையமைப்பாளருக்கும் பாடி, மூணு பேருக்கும் வேற வேற குரலா நின்னவங்க. "ராக்கம்மா கையத்தட்டு"ல இருக்கற முறுக்கும் "மாலையில் யாரோ"ல இருக்கற தனிமையும் ஒரே தொண்டையில வந்ததுன்னு பக்கத்துல பக்கத்துல போட்டுக் கேட்டாதான் தெரியும், 37 வயசுல போயிட்டாங்க. ஒரு பட்டன் குடுத்திருந்தா புதுசா கேக்கறவங்களுக்கு இதெல்லாம் தானா புரிஞ்சிருக்கும்.

ஒரு விஷயத்த நியாயமா சொல்லணும், எல்லாப் பாட்டும் ஒரே பொட்டியில வராது, எந்தப் படத்தோட ஆடியோ ரைட்ஸ் எந்த கம்பெனி கையில இருக்கோ அதைப் பொறுத்துதான் உள்ள ஏத்த முடியும். அதனால ஒருத்தரோட பாட்டு இல்லைன்னா அவரு சின்ன ஆளுன்னு அர்த்தம் இல்ல. ஆனா இருக்கற பாட்டுக்கு பேரு போட ரைட்ஸ் எதுவும் தடுக்காதே. ஆன்லைன்ல இருக்கற ஆப்புங்க இந்த விஷயத்துல கொஞ்சம் தேவலாம், இசையமைப்பாளர் பேரு போட்டுத் தேட முடியுது.

வாங்கலாமான்னா, வயசானவங்களுக்கு வாங்கலாம், ஃபோன் நோண்டாம பாட்டு கேக்க இதைவிட சுலபமா எதுவும் இல்ல, அப்பாவுக்கு நெஜமாவே சந்தோஷம். பென் டிரைவ் போடற வசதி இருக்கான்னு மட்டும் கட்டாயம் பாத்து வாங்குங்க. நான் காசு குடுத்து டவுன்லோடு பண்ண பாட்டெல்லாம் பென் டிரைவ்ல ஏத்தி சந்திரபோஸ், வி.குமார், ஷ்யாம், ஸ்வர்ணலதான்னு தனித்தனி ஃபோல்டர் போட்டுக் குடுத்திருக்கேன், ஃபோல்டர் வரிசைப்படிதான் பாடுது, அதனால பேருக்கு முன்னாடி நம்பர் போட்டுடுங்க. இப்ப ஞாயித்துக்கிழமை சண்டை வி.குமாரா சந்திரபோஸான்னு நடக்குது, பெரியப்பா பையன் குமார் கட்சி.