எடை குறைந்த கார் பேட்டரி: லித்தியமா, சின்ன ஏஜிஎம்மா?

2010 போர்ஷே 911 ஜிடி3-க்குக் கம்பெனியே லித்தியம் பேட்டரி கொடுத்தது. எடை 6 கிலோகூட இல்லை, வழக்கமான 60 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஈய பேட்டரியைவிட 10 கிலோவுக்கு மேல் மிச்சம். ஆனால் குளிரில் அது மக்கர் பண்ணும் என்பதால் சாதா பேட்டரி ஒன்றையும் சேர்த்தே கொடுத்தார்கள், அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

சரி, ஏஜிஎம்? அதாவது, அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்த, மூடிய ஈய பேட்டரி. அந்த வகையில் ஒடிஸி பிராண்டின் பிசி680 சுமார் 7 கிலோ, 16 ஆம்பியர்-மணி. அந்த லித்தியத்தோடு பார்த்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் வித்தியாசம், விலையில்தான் லித்தியம் எங்கேயோ இருக்கிறது. பிசி680-இன் டெர்மினல் மட்டும் எம்6 (6 மி.மீ.) போல்ட், அதனால் உங்கள் கிளாம்ப் உட்கார அடாப்டர் வேண்டும்.

அலாரம் 30 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி போகும், பதினைந்து நாள் வண்டியைத் தொடாமல் விட்டால் பிசி680-இல் மூன்றில் இரண்டு பங்கு காலி. லித்தியம் வடிந்தாலும் வோல்டேஜைக் கெட்டியாகப் பிடித்திருக்கும், ஆனால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் கெடும், ஈய பேட்டரியில் படியும் சல்பேட்டை நீக்கும் பழைய சார்ஜரையும் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

ரேஸ் டிராக்குக்கு மட்டும் போகும் வண்டி, காசும் இருக்கிறது என்றால் லித்தியம். தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் ஏஜிஎம்தான் போடுவேன்.