கரி ஊருக்கு வந்தது, ஆலை அருவிக்குப் போனது

1712-இல் நியூகோமன் செய்த நீராவி எந்திரம், பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஊறும் தண்ணீரை இறைக்க வந்தது. கரியை ஏகத்துக்கும் விழுங்கும். சரி, சுரங்க வாசலில் கரிக்குப் பஞ்சமா என்ன? அப்புறம் ஜேம்ஸ் வாட் அதன் தீனியைக் குறைத்தார். நீர்ச்சக்கரம் சுற்ற ஆற்றங்கரையை நம்பியிருந்த நூற்பாலைகள் ஊருக்குள் வந்தன, புகையோடு.

நார்வேயில் நேரெதிர். கரியை வண்டியில் ஏற்றலாம், அருவியை ஏற்ற முடியாதே! ஆலைதான் அருவியைத் தேடிப் போனது. 1911-இல் வேமோர்க் நீர்மின் நிலையம். அதை நம்பி பக்கத்து ரியூக்கான் ஊரில் உர ஆலை. மின்வில்லின் (இரு மின்முனைகளுக்கு நடுவே பாயும் மின்பொறியின்) சூட்டில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கினார்கள். புகை குறைவுதான், ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய ஆறு மாதம் வெயிலே விழாது. ஊர்க்காரர்கள் மலைமேல் போய் வெயில் காய்வதற்காகவே 1928-இல் கம்பிவட வண்டி விட்டார்கள்.

என்னைக் கேட்டால் நார்வே வழிதான் சுத்தம். ஆனால் அதற்கு அருவி வாய்த்திருக்க வேண்டுமே.