கைக்குழந்தையா, ஐந்து வயதைத் தாண்டிய குழந்தையா? எங்கள் தத்தெடுப்பு அனுபவம்

மகாராஷ்டிரத்தில் ஓர் இல்லத்தில் வளரும் ஆறு வயதுச் சிறுமியைத் தத்தெடுக்க ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டோம். நாங்கள் இருப்பது நியூஜெர்சியில். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. (OCI) அட்டை வைத்திருப்பவர்கள். செய்தி கேட்ட உறவினர்களில் பாதிப் பேர், "கைக்குழந்தையாகவே எடுத்திருக்கலாமே?" என்றார்கள். நியாயமான கேள்விதான். நாங்களும் இரண்டு வழிகளையும் நெடுநாள் பேசிப் பார்த்த பிறகே முடிவெடுத்தோம்.

சட்டத்திலும் செலவிலும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுக்கும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்தான், நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்கான ஹேக் உடன்படிக்கைதான், தத்தெடுப்புகளை நெறிப்படுத்தும் 'காரா' (CARA) எனப்படும் இந்திய மத்திய அமைப்புதான். அமெரிக்கப் பக்கத்தில் அதே வீட்டு ஆய்வு, அதே பத்து மணி நேரப் பெற்றோர் பயிற்சி, அதே விசா. இவற்றை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

கைக்குழந்தை வேண்டும் என்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த வரிசையில் நாம் நிற்கும் இடம். தத்துக்குத் தகுதியானதாக அறிவிக்கப்பட்ட குழந்தைக்கு முதல் 60 நாட்கள் இந்தியாவில் வசிப்பவர்களிடையிலும் வெளிநாடு வாழ் இந்தியக் குடிமக்களிடையிலும்தான் பெற்றோரைத் தேடுவார்கள். அதன் பிறகே எங்களைப் போன்றவர்களின் முறை. இந்தியாவிலேயே காத்திருக்கும் பெற்றோர் குழந்தைகளைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், உடல்நலக் குறை எதுவும் இல்லாத கைக்குழந்தை எங்கள் வரிசை வரை வருவது அரிது. இந்த ஏற்பாடு சரியானது என்றே நான் நினைக்கிறேன். பிறந்த நாட்டிலேயே ஒரு வீடு கிடைத்தால் குழந்தைக்கு அதைவிட நல்லது இல்லை. மாற்றுத்திறன் குழந்தைகள், உடன்பிறப்புகளாக இருப்பவர்கள், ஐந்து வயதைத் தாண்டியவர்கள் ஆகியோருக்கு வெளிநாட்டுத் தத்தில் முன்னுரிமை தரலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

காத்திருக்கும் காலத்தில் காகிதங்களும் காலாவதியாகிக்கொண்டே இருக்கும். அமெரிக்கக் குடிவரவுத் துறையின் முன் ஒப்புதல் 15 மாதங்களுக்குத்தான் செல்லும். நீட்டிக்க வேண்டுமானால் வீட்டு ஆய்வைப் புதுப்பித்து மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். வேலை மாறினாலும் வீடு மாறினாலும் அறிக்கையைத் திருத்த வேண்டும். இது அலுப்புதான், ஆனால் எங்கள் முடிவுக்குக் காரணம் இதுவும் அல்ல.

எங்களைத் தீர்மானிக்க வைத்தது ஒன்றே ஒன்று: காத்திருக்கும்போது என்ன தயார் செய்ய முடியும் என்பது. கைக்குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் தொட்டில் வாங்கலாம், அறைக்கு வண்ணம் அடிக்கலாம். வரப்போவது யார் என்று தெரியாததால் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது. வளர்ந்த குழந்தை என்றால், ஒப்புக்கொண்ட நாளிலிருந்து அந்தக் குழந்தைக்கென்றே தயாராகலாம்.

அவளைப் பற்றி எங்களுக்கு வந்த ஆய்வறிக்கை சில பக்கங்கள்தான். உயரம், எடை, தடுப்பூசிகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைக் குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோய் வரிவரியாகக் கேட்டோம். அவர் அதிகம் பார்த்தது எடை காலப்போக்கில் எப்படி ஏறியது என்பதைத்தான். நாங்கள் அதிகம் படித்தது கடைசிப் பக்கத்தை. விளக்கு எரிந்தால்தான் தூங்குவாள், புதியவர்கள் வந்தால் இல்லத்தில் சமையல் செய்யும் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொள்வாள் என்று சமூகப் பணியாளர் எழுதியிருந்தார். அந்த இரண்டு வரிகளால் எங்கள் ஏற்பாடுகளே மாறின. அவளுக்கென்று ஒதுக்கிய மாடி அறையை விட்டுவிட்டு, எங்கள் அறையை ஒட்டிய சிறிய அறையில் இரவு விளக்கு பொருத்தினோம். விமான நிலையத்துக்குப் பட்டாளமாக வர இருந்த உறவினர்களைச் சில வாரங்கள் கழித்து வரச் சொன்னோம். பசிக்கிறது, வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்பவற்றையாவது அவள் மொழியிலேயே புரிந்துகொள்ள வேண்டும் என்று இருவரும் மராத்தி கற்கிறோம். தமிழ் மெல்ல வரட்டும்.

ஐந்து வயதைத் தாண்டிய குழந்தையிடம் சம்மதமும் கேட்பார்கள். அதற்காகவே எங்கள் வீடு, தெரு, சமையலறை, பாட்டி தாத்தா எல்லாம் அடங்கிய ஆல்பம் ஒன்றை அனுப்பினோம். பதிலுக்கு இல்லத்தின் படங்களையும், அவள் தோழிகளின் பெயர்களையும், அந்தச் சமையல்கார அம்மாவின் படத்தையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். அவள் இங்கே வரும்போது விட்டுவிட்டு வருவது ஓர் உலகத்தை. அதைப் பற்றி அவள் அழுதால் எங்களுக்கும் அந்த மனிதர்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வழியின் கடினமான பகுதியையும் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகும் அமெரிக்காவின் தற்காலிக ஒப்புதல், ஹேக் உடன்படிக்கையின் 5ஆவது பிரிவுக் கடிதம் (குழந்தை அமெரிக்காவுக்கு வரத் தடையில்லை என்று அமெரிக்கத் தரப்பு தருவது), காராவின் தடையில்லாச் சான்று, மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை, அதன்பின் பாஸ்போர்ட், விசா என்று படிகள் இருக்கின்றன. 2022 செப்டம்பரிலிருந்து ஆணை பிறப்பிப்பது நீதிமன்றம் அல்ல, ஆட்சியர். கைக்குழந்தைக்கும் இதே படிகள்தான்; ஆனால் தனக்கு ஒரு வீடு காத்திருக்கிறது என்று தெரிந்த குழந்தை நாட்களை எண்ணுகிறது. "எப்போது வருவார்கள்?" என்று அவள் கேட்டதாகச் சமூகப் பணியாளர் சொன்ன இரவில் எங்கள் இருவருக்கும் தூக்கம் இல்லை.

அவள் வந்த பிறகு எப்படி இருக்கும் என்பது பற்றி நான் உறுதியாகப் பேச முடியாது. உணவை ஒளித்து வைப்பது, திடீர்க் கோபம், யாரிடமும் ஒட்டாமல் இருப்பது என்றெல்லாம் பயிற்சியில் சொன்னார்கள். வளர்ந்த குழந்தைகளைத் தத்தெடுத்த, எங்களுக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களும் அதையே சொன்னார்கள். என் அறிவு அவ்வளவுதான். கைக்குழந்தை வரிசையிலும் நாங்கள் நெடுநாள் நிற்காததால், அதைப் பற்றியும் உறுதியாகப் பேச முடியாது. வீட்டில் ஏற்கெனவே மூன்று நான்கு வயதுப் பிள்ளை இருந்தால், மூத்த பிள்ளை என்ற இடம் கைமாறாமல் இருக்க, அதைவிடச் சிறிய குழந்தையையே நான் சொல்வேன். தொடக்கத்தில் நீண்ட விடுப்பு எடுக்க வழியில்லாதவர்களும் எங்கள் வழியை இப்போதைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

எங்கள் பக்கம் வர நினைப்பவர்கள், ஆய்வறிக்கை வந்ததும் அது எழுதப்பட்ட தேதியைப் பாருங்கள். எங்களுக்கு வந்தது பழையது. புதிய உயரம், எடை, சமீபத்திய வீடியோ ஆகியவற்றை எங்கள் தத்தெடுப்பு முகமை வழியாகக் கேட்டோம், தந்தார்கள். ஒப்புக்கொள்ளத் தரும் 30 நாட்களில் மருத்துவரும் அதைப் பார்க்க வேண்டும் என்பதால், முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.