ஹியுமிடிபயரோடு 'கிருமி மருந்து' தந்தால் வாங்காதீர்கள்

திருகோணமலை நகரில் ஒரு கடையில், ஏசி அறையில் கைக்குழந்தை வைத்திருப்பவர்களைப் பார்த்து, அறைக் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் மெஷினான ஹியுமிடிபயரை விற்கிறார்கள். கூடவே ஒரு சின்னப் போத்தலும் தருகிறார்கள். "தண்ணிக்குள்ள பத்துத் துளி விடுங்கோ, கிருமி வராது, கழுவவும் தேவையில்லை" என்பது விற்பவரின் பேச்சு. போத்தலில் என்ன இரசாயனம் என்று எழுதவில்லை, செய்தவர் பெயரும் இல்லை. இரண்டு மாதத்தில் மெஷின் புகை விடுவதை நிறுத்த, கொண்டுபோனால் "உங்கட தண்ணி சரியில்லை, இதுக்கு வாறன்ரி இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். போன காசை விடுங்கள். கழுவ வேண்டாம் என்று சொன்னார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்த மலிவு மெஷின்கள் தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை. அடியில் உள்ள சிறு வட்டத் தகடு விநாடிக்குப் பதினைந்து இலட்சம் தடவைக்கு மேல் அதிர்ந்து தண்ணீரை நுண்துளிகளாக உடைத்து எறிகிறது. தண்ணீரில் உள்ளதெல்லாம் அந்தத் துளிகளோடு சேர்ந்து வெளியே வரும்: உப்பு, சுண்ணாம்பு, பக்டீரியா, பூஞ்சணம், ஊற்றிய 'மருந்து'. துளிகள் மூக்கில் தங்காத அளவுக்குச் சிறியவை, நேரே நுரையீரலின் காற்றுப்பைகளுக்குப் போய்விடும். அலுமாரியில் வெள்ளைத் தூள் படிகிறதென்றால் அதே தூளைத்தான் பிள்ளையும் சுவாசிக்கிறது. தகட்டில் சுண்ணாம்பு படிவதால்தான் மெஷினும் நிற்கிறது. கரையோரக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் கெதியாக நிற்கும்.

எங்கள் வெக்கையில் தொட்டித் தண்ணீர் 28, 30 பாகையில் நிற்கும். ஓரிரு நாள் மாற்றாமல் விட்டாலே அடியில் வழுவழுப்பு பிடிக்கும். கிருமிகள் ஒட்டி வளரும் படலம் அது. துளி மருந்து விட்டாலும் அது போகாது, தேய்த்தால்தான் போகும்.

அந்த மருந்தின் கதை தென்கொரியாவில் ஏற்கனவே நடந்து முடிந்தது. ஹியுமிடிபயர் தண்ணீரில் கலக்கும் கிருமிநாசினி அங்கே 1994 முதல் கடைகளில் விற்கப்பட்டது. 2011இல் சியோலில் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்ற தாய்மாரும் காரணம் தெரியாத நுரையீரல் நோயோடு தீவிர சிகிச்சைக்கு வந்து சேர்ந்தார்கள். தேடிப் பார்த்ததில் அகப்பட்டது அந்தத் திரவம். பி.எச்.எம்.ஜி. என்ற அதன் இரசாயனம் மேற்பரப்புகளைத் துடைக்கப் பயன்பட்டது. மூச்சில் போனால் என்ன செய்யும் என்று யாரும் சோதிக்காமலே விற்றார்கள். நுரையீரல் தழும்பாகி இறுகி, குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். நிலம் துடைக்கும் திரவமோ வாசனை எண்ணெயோ, எதையும் தொட்டிக்குள் விடாதீர்கள்.

மருந்து ஊற்றாவிட்டாலும் அழுக்குத் தொட்டியால் வரும் நோய் ஒன்று உண்டு. சுவாசித்த பூஞ்சணத்தையும் பக்டீரியாவையும் எதிர்த்து நுரையீரலே அழற்சி கொள்வது அது. நாலு முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் காய்ச்சல், நடுக்கம், வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம் வரும். இரவு ஒன்பது மணிக்கு மெஷினைப் போட்டால் விடியப்புறம் காய்ச்சல். பகலில் தணியும், அடுத்த இரவும் வரும். சளிச்சுரம், தொய்வு என்று மருந்து மாறி மாறிப் போகும், அன்டிபயோட்டிக் எடுத்தும் குறையாது. வெளியூரில் நாலு நாள் நின்றால் சுகம், வீட்டுக்கு வந்தால் திரும்பவும் முட்டு என்றால் மெஷினை உடனே நிறுத்துங்கள். சோதித்துப் பார்க்கவென்று திரும்பப் போடாதீர்கள். மாதக்கணக்கில் இழுபட்டால் தழும்பு நிரந்தரமாகிவிடும். வைத்தியர் கேட்காவிட்டாலும் "வீட்டில் இந்த மெஷின் ஓடுகிறது" என்று நீங்களே சொல்லுங்கள். போத்தலையும் காட்டுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் சி.ரி. ஸ்கானில் நோய் தெரிவதுண்டு. பிள்ளைக்கு மூச்சு வேகமாகி விலா உள்ளிழுபட்டால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம்.

உண்மையில் இங்கே இந்த மெஷின் தேவைப்படும் வீடு மிகக் குறைவு. அறைக்கு வேண்டிய ஈரப்பதம் 30 முதல் 50 வீதம். கடலோரமான எங்கள் ஊரில் வறண்ட கச்சான் காற்று அடிக்கும் நாட்கள் தவிரப் பெரும்பாலும் அதற்கு மேலேதான் நிற்கும். ஏசி ஈரத்தை இழுக்க, மெஷின் ஈரத்தை விட, ஏசியின் உள்ளேயும் பூஞ்சணம் பிடிக்கும். ஏசியை 26க்கு உயர்த்துங்கள். பிள்ளைக்கு மூக்கடைப்பென்றால் உப்புநீர்ச் சொட்டு இருக்கிறது.

வைத்தியர் சொல்லித்தான் பாவிக்கிறீர்கள் என்றால், கை உள்ளே போகும் அகலவாய்த் தொட்டியாகப் பாருங்கள். குறுகிய வாய் என்றால் தேய்க்கவே முடியாது. காய்ச்சி வடித்த நீரே (டிஸ்டில்ட் வோட்டர்) நல்லது. கொதித்தாறிய நீரில் கிருமி சாகும், ஆனால் சுண்ணாம்பு முழுதாகப் போகாது. கடைப் போத்தல் தண்ணீரிலும் கனியுப்பு உண்டு. தினமும் மிச்சத்தை ஊற்றிவிட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். மூன்று நாளுக்கொருமுறை பிளக்கைக் கழற்றி, வினாகிரி விட்டு அரை மணித்தியாலம் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தகட்டையும் அடியையும் தேய்த்து நன்றாக அலசுங்கள். அதன்பிறகு 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டால் துடைத்து, திரும்பவும் அலசுங்கள். வினாகிரியோடு குளோரின் பிளீச்சைக் கலக்கவே வேண்டாம், நச்சுவாயு கிளம்பும்.

ஏற்கனவே அந்தப் போத்தலை வாங்கியவர்கள் அதை எறியாதீர்கள். மூடியை இறுக்கி, பிள்ளை கை எட்டாத இடத்தில் வையுங்கள். பில்லையும் போத்தலையும் படமெடுத்துக்கொண்டு, நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள். பில் தர மறுத்தார்கள் என்றால் அதையும் முறைப்பாட்டில் சேருங்கள்.